கடைசியாய் வருகிறவருக்காகக் காத்திருங்கள்

போடியிலிருந்து மூணாறுக்கு, நண்பர்களோடு ஒரு நாள் சைக்கிள் பயணம்



வேலையின் நிமித்தமாகச் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர், திருப்பூர் போன்ற நகரங்களில் குடியேறியிருக்கும் நம்முடைய குடும்பங்களில் ஒரு புதிய பழக்கம் வேரூன்றி வருவதைக் காண்கிறோம். சனிக்கிழமை விடியுமுன்னே நாலைந்து நண்பர்கள் ஒன்றுகூடி, தலைக்கவசம் அணிந்து, கியர் சைக்கிள்களில் நெடுந்தூரம் போய்வருகிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை செல்கிறார்கள். பெங்களூருவில் இருப்பவர்கள் நந்தி மலை ஏறுகிறார்கள். வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்தே இருக்கும் சரீரத்துக்கு இது மிகுந்த நன்மை தரும் பழக்கமே.

ஒரு காலத்தில் சைக்கிள் நமக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் கிராமத்து ஊழியரும் அதை மிதித்துத்தான் ஊர் ஊராகச் சென்றார்கள். நகரத்துக்கு வந்தபின் மோட்டார் சைக்கிளும் காரும் வந்தன, சைக்கிள் மறைந்தது. இப்பொழுது பிள்ளைகள் அதைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழுக்கள் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. சில மாதங்கள் பழகியவுடன் மலை ஏற வாஞ்சை பிறக்கிறது. மூணாறு என்ற பெயர் பேச்சில் வருகிறது. அப்படிப் புறப்பட விரும்புகிறவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டுக் கவலையோடு காத்திருக்கும் வீட்டாருக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த ஒரு நாளில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான காரியம் ஒன்று உண்டு. அதை அறியாமல் போகிறவர்கள் நல்ல சைக்கிளும் நல்ல கால்களும் இருந்தும் இடறிப்போகிறார்கள்.

பாதையின் அளவு

முதலாவது, பாதையை அறிந்துகொள்ளுங்கள். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்பெற்ற ஊர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன ரயில், அகலப் பாதை போடப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில் மறுபடியும் இந்த ஊருக்கு வந்தது. இங்கிருந்து மூணாறு ஏறக்குறைய 68 கிலோமீட்டர். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நம்முடைய பாதை.

68 கிலோமீட்டர் என்றால் பெரிதல்லவே என்று நினைப்பீர்கள். கடற்கரைச் சாலையில் அது ஒரு காலைப்பொழுதின் வேலைதான். ஆகிலும் போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் போடிமெட்டோ ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைவிட்டு முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்தவுடன் மலை தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள், 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஆயிரம் மீட்டர் ஏறவேண்டும். அதாவது, நீங்கள் கடக்கும் ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் 5 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். மாடிப்படிக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 300 மாடிகள்!

உங்கள் எடை 70 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 85 கிலோ மூட்டையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்வதே இந்த ஏற்றம். நிதானமாக மிதிக்கிற ஒருவருக்கு ஓய்வு நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஆகும். மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகம்தான் வரும். கியர் இல்லாத பழைய சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 5 மீட்டர் முன்னே போகும். மலைக்கேற்ற கியரில் அதே ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான் போகும். தூரம் குறையும், பாரமும் குறையும். ஆனபடியினால் முதல் வளைவு வருமுன்னே சிறிய கியருக்கு மாறிக்கொள்ளுங்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சமவெளியின் உதவியும் மலையின் உதவியும்

இப்பொழுது நண்பர்களைப் பற்றிச் சிந்திப்போம். சமவெளியில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம்மை எதிர்ப்பது காற்றே. பலமுள்ளவர் முன்னே போய்க் காற்றைப் பிளந்துகொடுத்தால், அவருக்குப் பின்னால் நெருங்கி வருகிறவருடைய பிரயாசத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். முன்னே போகிறவர் களைத்தால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். இப்படி ஒருவர் பாரத்தை ஒருவர் நிஜமாகவே சுமக்கலாம்.

மலையில் அது நடவாது. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு அற்பமானது. எதிர்ப்பதெல்லாம் உங்களுடைய சொந்த எடைதான். அதை உங்களுக்காக நண்பர் தூக்க முடியாது. அவர் எவ்வளவு பலசாலியாயிருந்தாலும், எவ்வளவு பாசமுள்ளவராயிருந்தாலும், உங்கள் பெடலை நீங்கள்தான் மிதிக்கவேண்டும்.

அப்படியானால் மலையில் நண்பர் எதற்கு? அவர் தரக்கூடியது ஒன்றே ஒன்று. அது நேரம். மேலே போய்ச் சேர்ந்தவர் கீழே இருப்பவருக்காகக் காத்திருக்கலாம். இதைத்தான் அந்த நாளின் முக்கியமான காரியம் என்று முதலில் சொன்னேன்.

காத்திருப்பதில் ஓர் ஒழுங்கு

காத்திருப்பது எளிது என்று எண்ணவேண்டாம். ஐந்து பேர் கொண்ட குழுவை நினைத்துப் பாருங்கள். இருவர் வேகமாய் ஏறி, ஒரு வளைவில் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, இருபது நிமிடம் நன்றாய் இளைப்பாறுகிறார்கள். அடுத்த இருவர் வந்து பத்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். கடைசியில் அந்த ஐந்தாமவர் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியவுடனே மற்றவர்கள், "வந்துவிட்டாயா? சரி, புறப்படலாம்" என்கிறார்கள்.

கணக்கைக் கவனித்தீர்களா? அதிகப் பலமுள்ளவருக்கு இருபது நிமிட ஓய்வு. ஓய்வு அதிகமாய்த் தேவைப்படுகிறவருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வளைவிலும் இப்படியே. நான்காவது ஐந்தாவது முறையில் அவருடைய கால்கள் நடுங்கத் தொடங்கும். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். தன்னால் மற்றவர்கள் தாமதிக்கிறார்களே என்ற கூச்சம் அவருக்குள் இருக்கும்.

ஆகையால் நல்ல குழுக்கள் ஓர் ஒழுங்கை வைத்திருக்கின்றன. ஓய்வு நேரம் முதலில் வந்தவருடைய கடிகாரத்தில் தொடங்குவதில்லை. கடைசியில் வந்தவர் உட்கார்ந்த நிமிடத்தில் தொடங்குகிறது. அவர் தண்ணீர் குடித்து, ஒரு கடலைமிட்டாய் தின்று, மூச்சு அடங்கி, தானாக எழுந்து "போகலாம்" என்று சொன்னபின்தான் மற்றவர்கள் எழும்புகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அனுபவமுள்ள ஒருவர் எப்பொழுதும் எல்லாருக்கும் பின்னால் வருவார். பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் முதலுதவிப் பையும் அவரிடத்தில்தான் இருக்கவேண்டும். ஏனென்றால் உதவி தேவைப்படுகிறவர் பெரும்பாலும் பின்னாலேயே இருக்கிறார். சாமானோ முன்னே போனவரிடத்தில் இருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இது நாமாக உண்டாக்கிய ஒழுங்கு அல்ல. 1897ஆம் ஆண்டிலேயே இத்தாலியில், சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடக்கும் சைக்கிள் பயணங்கள் தொடங்கின. அவற்றுக்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர். லத்தீன் மொழியில் துணிவுள்ளவர் என்று பொருள். 1904ஆம் ஆண்டில் அது பிரான்சுக்கு வந்தது. அங்கே அந்த முறைப்படி எல்லாரும் ஒரே கூட்டமாய், தலைவர் ஒருவர் வகுக்கும் சீரான வேகத்தில் போகவேண்டும். அவரை ஒருவரும் முந்தக்கூடாது. இன்று நம்முடைய நகரங்களிலும் நடக்கிற 200 கிலோமீட்டர் 'பிரவே' பயணங்களில் அவரவர் தமக்கேற்ற வேகத்தில் போகலாம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். ஆகிலும் அங்கேயும் முதலிடம், இரண்டாமிடம் என்று ஒன்றும் இல்லை. முடித்தவர்கள் எல்லாரும் முடித்தவர்களே.

நம்முடைய தேசத்திலும் பழமையான உதாரணம் உண்டு. 1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்த அந்தப் பயணம் ஏறக்குறைய நாலரை வருஷம் நீடித்தது. சுமார் 71,000 கிலோமீட்டர். 1928ஆம் ஆண்டு மார்ச்சில் அதை முடித்துத் திரும்பி வந்தவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் மட்டுமே. மற்ற மூவரும் வழியில் வெவ்வேறு இடங்களில் பிரிந்துபோனார்கள். பயணத்தைத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒன்றாய் முடிப்பது அத்தனை எளிதல்ல என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

காத்திராவிட்டால் என்ன நேரிடும்?

சிலர் கேட்கலாம்: "அவர் மெதுவாக வரட்டுமே, மூணாறில் சந்தித்துக்கொள்ளலாமே, அதனால் என்ன?" இந்தப் பாதையில் அது ஆபத்தான ஆலோசனை. காரணத்தைச் சொல்லுகிறேன்.

போடிமெட்டோடு ஏற்றம் முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து ஏலத்தோட்டங்களின் நடுவே சாலை பூப்பாறைவரை இறங்குகிறது. பிறகு ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி பெரியகானல் வழியாக மறுபடியும் ஏறி, கேப் ரோடு என்னும் மலையிடுக்கைக் கடந்து, தேவிகுளம் வழியாய் மூணாறுக்கு இறங்குகிறது. போடிமெட்டிலிருந்து மூணாறுவரையுள்ள ஏறக்குறைய 42 கிலோமீட்டர் சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. சாலை நன்றாய் இருப்பதால் இறக்கத்தில் சைக்கிளும் மிக வேகமாய்ப் பாயும்.

ஏற்றத்தில் பின்தங்கினவர், தன்னை விட்டுவிட்டுப் போனவர்களை எங்கே எட்டிப் பிடிக்க முயலுவார்? இறக்கத்தில்தான்! மேட்டில் இழந்த நேரத்தைப் பள்ளத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார். களைத்த கைகள், வியர்வையில் நனைந்து குளிர்ந்துபோன விரல்கள், எதிரே சுற்றுலா வாகனங்கள், வளைவில் சிதறிக்கிடக்கும் மணல். இவை எல்லாம் சேரும் இடத்தில் அவர் பிரேக்கை விட்டுவிட்டுப் பாய்கிறார். காத்திருப்பதாக அவருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அவர் அப்படிப் பாயமாட்டார். ஆகவே காத்திருத்தல் என்பது ஒரு மரியாதை மாத்திரமல்ல. அது ஓர் உயிரைக் காக்கிறது.

இறக்கத்தில் கைக்கொள்ளவேண்டியவை சில. வளைவுக்குள் நுழையுமுன்னே வேகத்தைக் குறையுங்கள். வளைவின் நடுவில் பிரேக்கைத் திடீரென்று பிடியாதிருங்கள். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள். இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறும். எப்பொழுதும் இடது ஓரத்திலேயே செல்லுங்கள். ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விடுங்கள். சமவெளியில் நெருங்கி வருவது உதவி, இறக்கத்தில் அதுவே ஆபத்து.

இன்னொரு காரணமும் உண்டு. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதிகளில் காட்டு யானைகள் நடமாடுகின்றன. அங்கே ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரல் மாத இறுதியில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மே மாதத்தில் நம்முடைய கம்பம் நகரத்துக்குள்ளேயே வந்ததையும், ஜூன் மாதத்தில் தமிழக வனத்துறையினர் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த ஒன்று போனாலும் மற்ற யானைகள் அங்கேயே இருக்கின்றன. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. வளைவுக்கு அப்பால் நிற்கிற யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. ஆனபடியினால் அந்தப் பகுதியைப் பகலிலேயே, தனித்தனியாகப் பிரியாமல், கூட்டமாய்க் கடந்துவிடுங்கள்.

அந்த நாளுக்கான ஆயத்தம்

அதிகாலை 5 மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, விளக்குகளோடு போடியைவிட்டுப் புறப்படுங்கள். வெயில் ஏறுமுன்னே பாதி மலையாவது ஏறியிருக்கவேண்டும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் தேவை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிராமல், எலுமிச்சம்பழமும் உப்பும் கலந்த நீரையும் குடியுங்கள். பசி எடுக்குமுன்னே வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிடுங்கள். பசித்தபின் சாப்பிட்டால் கால்களுக்குப் பலம் திரும்ப வெகுநேரம் ஆகும். பூப்பாறையில் புட்டும் கடலையும் கட்டன் சாயாவும் கிடைக்கும். அங்கே ஒரு மணி நேரம் தாராளமாய் இளைப்பாறுங்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புறப்படவேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். மூணாறு எங்கும் ஓடிப்போய்விடாது. மூணாறிலேயே இரவு தங்கி, மறுநாள் வாகனத்தில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்புவது நல்லது.

டிசம்பர் முதல் பிப்ரவரிவரை ஏற்ற காலம். காலைக் குளிர் கடுமையாய் இருக்கும். கையுறையும் காற்றுத் தடுக்கும் மேலுடையும் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம். கேப் ரோட்டில் 2019ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன.

நமக்கு முன்னே இந்த மலையில் ஏறினவர்கள்

தேவிகுளத்தை நெருங்கும்போது இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களும், லயங்களின் வாசலில் பேசுகிறவர்களும் தமிழே பேசுகிறார்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு இணைந்தன. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டங்கள் எழும்பின. 1902ஆம் ஆண்டில் குண்டளப் பள்ளத்தாக்கில் இருப்புப்பாதை போட்டார்கள். முதலில் அதில் வண்டிகளை இழுத்தவை மாடுகள். தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை அந்தப் பாதையில் போய், அங்கிருந்து கம்பிவழியாய்க் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை முற்றிலும் அழித்துப்போட்டது.

சரக்குக்குக் கம்பி இருந்தது. கூலிவேலைக்கு வந்த நம்முடைய ஜனங்களுக்கோ கால்கள் மாத்திரமே இருந்தன. நெல்லைச் சீமையிலிருந்தும் இராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்தும், கங்காணிகளின் பின்னே, கையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக அவர்கள் இந்த மலைகளில் ஏறினார்கள். கியரும் குளிருடையும் அவர்களுக்கு இல்லை. நீங்கள் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நிற்கும்போது, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவருக்கு இந்த மலை ஒரு காட்சி. சைக்கிளில் ஏறுகிறவரோ அதன் உயரத்தைத் தன் தொடைகளில் அறிந்துகொள்ளுகிறார்.

இன்றைக்கும் அங்கே பலருக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவுடன் லயத்து வீட்டை விட்டுக்கொடுக்கவேண்டிய நிலைமை உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தபோது 70 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மலையைப் பார்க்கப் போகிற நாம் மலையில் வாழ்கிறவர்களையும் பார்க்கவேண்டும். வழியில் தேநீர் குடிக்கும்போது அவர்களோடு நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், உங்கள் தாத்தாவின் ஊர்ப் பெயரையே அவர்கள் சொல்லக்கூடும்.

நகரத்திலும் இதே ஒழுங்கு

அன்பானவர்களே, நகரத்தில் குடியேறிய நம்முடைய வாழ்க்கையையும் இந்தப் பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் அண்ணன் முதலில் நகரத்துக்கு வருகிறார். பத்து வருஷம் பாடுபட்டு, வேலை நிலைத்து, வீடு கட்டி, சற்று இளைப்பாறுகிறார். அதன்பின் தம்பி வருகிறார், அல்லது கணவனை இழந்த தங்கை பிள்ளைகளோடு வருகிறாள். அவர்களுடைய பெடலை நாம் மிதிக்க முடியாது. அவர்களுடைய வேலையையும் படிப்பையும் அவர்களே ஏறிக் கடக்கவேண்டும். ஆனால் அவர்கள் வந்து ஒரு காலை ஊன்றியவுடனே, "நான் வந்தபோது இவ்வளவு நேரம் எடுக்கவில்லையே" என்று நாம் சொல்லிவிடுகிறோம். நாம் இளைப்பாறின வருஷங்களை மறந்து, அவர்கள் வந்த நிமிடத்திலேயே புறப்படச் சொல்லுகிறோம்.

அவர்களும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் வட்டிக்குக் கடன் வாங்குவார்கள், தகுதிக்கு மிஞ்சிய சீட்டில் சேருவார்கள். இறக்கத்தில் பிரேக்கை விட்டதுபோலத்தான் அது முடியும்.

ஆதலால் இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் நண்பர்களோடு மூணாறுக்குப் புறப்பட்டால், போகுமுன் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து, நம்மில் மெதுவாய் ஏறுகிறவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளின் வேகத்தை அவரே குறிக்கட்டும். அவருக்குப் பின்னால் ஒருவர் வரட்டும். மற்றவர்கள் வளைவில் உட்கார்ந்து, அவர் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கும்வரை கடிகாரத்தைப் பாராதிருங்கள்.